மேல் வரி அவருடையது

ஜூன் 26, வியாழன்

காலையிலேயே காற்று. கதவை ஒருக்களித்து வைத்தும் கடை முழுக்க மண். கீபோர்டில் கை வைத்தால் நறநற.

துடைத்துவிட்டு கம்ப்யூட்டர் போட்டேன். மணி விடிகாலை மூன்று நாற்பது என்கிறது. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது பத்து.

மறுபடியும்.

நேற்று அமாவாசை. போன அமாவாசைக்கு மறுநாளும் இப்படித்தான். அதற்கு முந்தினதற்கும். அப்போதெல்லாம் கரண்ட் கோளாறு என்று மணியைத் திருத்திவிட்டு வேலையைப் பார்த்தேன். இன்றைக்குத் திருத்தக் கை வரவில்லை. அவர் போன பிறகு கடையைத் திறந்ததே பங்குனியில்தான். அதற்கு முன்னும் நடந்ததா, யார் கண்டது.

கோளாறு இல்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் வினை. ஒரே பெட்டிக்குள் இரண்டு பக்கம். எனக்கு விண்டோஸ் இல்லாமல் ஆகாது. பேனர், பத்திரிகை, டைப்பிங் எல்லாம் அதில்தான். அவருக்கு விண்டோஸ் என்றாலே வேப்பங்காய். லினக்ஸ் லினக்ஸ் என்று உயிரை வாங்குவார். கடைசியில் அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிற மாதிரி நடுவில் சுவர் வைத்து, "இது உன் பக்கம், இது என் பக்கம், இனிமேல் சண்ட கெடையாது" என்று முடித்தார். சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு வரி. மேலே ஆங்கில எழுத்தில் "நான்". கீழே "திலகா". அவரே வைத்த பெயர்கள். பத்து நொடி ஓடும். எதையும் தொடாவிட்டால் தானாக என் பக்கம் திறந்துகொள்ளும். அவர் பக்கம் போக ஒரு ஆள் இருக்க வேண்டும். மேல் அம்பை அழுத்தி என்டர் தட்ட வேண்டும்.

அவர் பக்கம் மணியை வேறு கணக்கில் எழுதிவைக்கும். கொஞ்ச நேரம் அதை ஓட்டிவிட்டு மூடினால் என் பக்கத்தில் ஐந்தரை மணி நேரம் பின்னால் போயிருக்கும். இதற்கே எத்தனை சண்டை. "ஒரு வரி மாத்துனா சரியாயிரும் திலகா, நாளைக்குப் பண்றேன்." நாளைக்கு, நாளைக்கு. மணி பின்னால் போயிருந்தால் அவர் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம். ஆறு வருடமாக அதற்கு வேறு அர்த்தம் இருந்ததில்லை.

ஐப்பசியில் போனார். எருமப்பட்டியில் ஒரு கடைக்கு சர்வீஸ் பார்க்கப் போன இடத்தில் நெஞ்சுவலி. சேந்தமங்கலம் வந்து சேர்ந்தது ஆம்புலன்சில்.

கடை வீட்டின் முன்னறைதான். வீட்டில் நானும் மாமாவும் மட்டும். மாமா அவருடைய அப்பா. வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர். டிவி ரிமோட்டைக்கூட என்னிடம் நீட்டி, "செய்தி வெய்யுங்க அம்மிணி" என்கிற மனுஷர்.

அப்புறம் யார்?

ஜூன் 27, வெள்ளி

முடிக்க வேண்டியவை:
– காதுகுத்து பேனர் (தாய்மாமன்கள் படம் இன்னும் வரவில்லை. தராவிட்டால் நான் என்ன வரைவேனா?)
– கோழிப்பண்ணை போர்டு, கோழி சிவப்பா வெள்ளையா என்று கேட்க
– சிட்டா இரண்டு
– கண்ணீர் அஞ்சலி ஒன்று, எட்டடி, அவசரம்

சுரேசுக்குப் போன் போட்டு மணி பின்னால் போனதைச் சொன்னேன். நாமக்கல்லில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறான், அவருடைய சிநேகிதன்.

"அண்ணி, ஆரோ அண்ணன் பக்கத்தத் தொறந்திருக்காங்கங்க."

"ஆரு தொறப்பா? ஊட்ல நானும் மாமாவுந்தான். அன்னிக்கு நான் ராசிபுரத்துல எங்கக்கா ஊட்டுக்குப் போயிட்டேன்."

 குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கு அமாவாசைங்களா அண்ணி?"

படித்தவன். ஊர் ஊராகப் போய் கம்ப்யூட்டர் மாட்டுகிறவன். அவனே அமாவாசையைக் கேட்கிறான்.  அந்தப் பக்கத்தையே அழித்துவிடுங்கள் என்றேன்.

"நல்லா ரோசன பண்ணிக்கோங்க. அழிச்சா அழிச்சதுதானுங்க. திரும்ப வராது."

"போன ஆளு மட்டும் திரும்பி வந்துட்டாராக்கும்?"

வாய். எனக்கு வாய்தான். பாவம் அவன். ஆடி கழியட்டும், ஆவணியில் வாரேனுங்க என்றான். அழிக்கிறதுக்குக்கூட ஆடி ஆகாதாம்.

ஜூலை 2, புதன்

மழை வருகிற மாதிரி கொல்லிமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. வரவில்லை.

மணி ஒரு வாரமாகச் சரியாக இருக்கிறது. அமாவாசைக்கு மட்டும்தான்.

அவர் பக்கத்துக்குப் பூட்டு கிடையாது. "பூட்டி என்னத்துக்கு, நீ எட்டிக்கூடப் பாக்க மாட்டே" என்பார். உண்மை. வீம்புக்குப் பார்க்கவில்லை, அப்போது. இப்போது வீம்பும் இல்லை. கை அந்த அம்பு வரைக்கும் போகிறது, அங்கேயே நிற்கிறது. உள்ளே அவர் விட்டுவிட்டுப் போனது போட்டது போட்டபடி இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் அவர் எழுந்து போய்விட்டார் என்று ஆகிவிடும்.

ஜூலை 9, புதன்

இன்னொரு க.அஞ்சலி. பண்ணை ஒன்றில் தீவனம் அரைக்கிறவராம், வயசு நாற்பதுகூட இல்லை. தம்பிக்காரர் செல்போனில் படம் காட்டினார். "சிரிச்சாப்ல இருக்கறது வேண்டாமுங்கக்கா. சனம் ஏதாச்சும் சொல்லும்." சிரிக்காத படம் ஒன்றுகூட இல்லை அவரிடம். கடைசியில் ஆதார் படம்.

என் வீட்டுக்காரருக்குப் பேனர் அடித்ததும் இதே மெஷினில்தான். நானேதான் அடித்தேன். வேறொருத்தன் கையில் கொடுத்தால் பார்டருக்கு ரோஜாப்பூ வைத்து அசிங்கம் பண்ணுவான் என்று. "இந்த நேரத்துல எப்படித்தான் உக்காந்து வேல பாத்தாளோ" என்று ஒறம்பரையாக வந்த சொந்தக்காரி ஒருத்தி என் காது கேட்கவே சொன்னாள். வேறு எப்படி இருந்திருக்க வேண்டும் நான்?

ஜூலை 14, திங்கள்

இதை எழுதினால்தான் ஆறும்.

காலையில் அந்தப் பத்து நொடி ஓடும்போது பேச ஆரம்பித்திருக்கிறேன். பத்து நொடியில் என்ன பேச முடியும். சிலிண்டர் தீர்ந்தது என்று சொன்னேன். முந்தாநாள், பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது என்று. பிறகு என் பக்கம் திறந்துகொள்கிறது, நானும் வேலைக்காரி ஆகிவிடுகிறேன்.

பயம் போய்விட்டது. அதுதான் பயமாக இருக்கிறது. நாள்காட்டியில் ஆடி அமாவாசை எந்தக் கிழமை என்று பார்த்தேன். வியாழன். தீபாவளிக்கு நாள் எண்ணுகிற சின்னப் பிள்ளை மாதிரி. அவர்தான் வருகிறார். மாதம் ஒருமுறை வந்து, அவர் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார். நான் இல்லாத நேரமாகப் பார்த்து வருகிறார் என்பதில்தான் கோபம்.

இன்றைக்கு மாமா உள்கதவருகே நின்றிருந்திருக்கிறார், நான் கவனிக்கவில்லை.

"ஆரு கூடப் பேசறீங்க அம்மிணி?"

"போனுங்க மாமா."

போன் சமையல்கட்டில் சார்ஜில் கிடந்தது. அதைத் தாண்டித்தான் அவர் வந்திருப்பார்.  தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஜூலை 20, ஞாயிறு

கடை லீவு. தலைக்குக் குளித்தேன். புளி தீர்ந்தது.

ராசிபுரத்திலிருந்து அக்கா போன். "ஆடி அமாவாசைக்கு வந்துரு. அன்னிக்கு அந்த ஊட்ல ஒண்டியா கெடக்காத." மாதாமாதம் போகிறதுதான். இந்த வீட்டில் அவருக்குப் படையல் கிடையாது. காரியத்தின்போது பெரியவர்கள் சொன்னார்கள்: பிள்ளை இல்லை, அதனால் அமாவாசைக்கு அப்பன்தான் எள்ளுத் தண்ணீர் விட வேண்டும் என்று. மாமா அவர்கள்மேல் பாய்ந்துவிட்டார். "பெத்தவன் மவனுக்கு எள்ளுத்தண்ணி உடறதா? எந்த மயிராண்டி சொன்னான்?" அந்த வார்த்தை அவர் வாயில் நான் அதற்கு முன் கேட்டதில்லை. பிறகு யாரும் பேச்சை எடுக்கவில்லை.

அமாவாசை மத்தியானம் சுற்றிலும் எல்லா வீட்டிலும் கா கா என்று கூப்பிடுவார்கள். எங்கள் வீடு மட்டும் வாயை மூடிக்கொண்டு நிற்கும். அதைக் கேட்க முடியாமல்தான் பஸ் ஏறுகிறேன்.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

காலையில் வழக்கம்போலப் பையை எடுத்துக்கொண்டு, "வாரேனுங்க மாமா" என்று கிளம்பினேன். பஸ் ஏறவில்லை. பேப்பர் கடையில் கொஞ்ச நேரம், வளையல் கடையில் எதுவும் வாங்காமல் கொஞ்ச நேரம். உச்சிவேளைக்கு வீடு திரும்பினேன். அவரைப் பார்த்துவிடுவேன் என்றுதான். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதற்குத்தான் வந்தேன், தலையைக்கூட வாரிக்கொண்டு வந்தேன்.

கடைக்கதவு உள்பக்கம் தாழ். பின்பக்கமாகச் சுற்றிப் போனேன். பெட்டியின் ஃபேன் சத்தம் கேட்டது. உள்கதவு வரை போய் எட்டிப் பார்த்தேன்.

மாமா.

குளித்து, துவைத்த வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. கீழே ஒரு எலுமிச்சம்பழம், தட்டில் அணைந்த சூடம். திரையில் நான் பார்த்தே இராத ஒரு படம், நீளமாக ஒரு ரோடு. அவர் பக்கம். நாற்காலியில் மாமா உட்காரவில்லை. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றுகொண்டிருந்தார். ரொம்ப நேரம் அப்படியே. பிறகு, "செரி சாமி. சூடு ஏறிருச்சு. போதும்" என்றார். பொத்தானை ஒரு அமுக்கு. திரை அணைகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வந்த வழியே வெளியே போய்விட்டேன். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன். ஐப்பசியில் இப்படி அழவில்லை. அன்றைக்கு ஆட்கள் இருந்தார்கள், வேலை இருந்தது. "என்னாச்சு சாமி, பர்ஸ் போயிருச்சா?" என்று கீரைக்காரம்மா கேட்டார். ஆமாம் என்றேன்.

அவர் வரவில்லை. ஒரு நாள்கூட வரவில்லை.

ஜூலை 25, வெள்ளி

காலை மணி: ஐந்தரை பின்னால். திருத்திவிட்டேன்.

மத்தியானம் சோறு போடும்போது சொன்னேன். "நேத்து ஊட்டுக்கு வந்தனுங்க மாமா."

கையில் எடுத்த உருண்டையை அப்படியே இலையில் வைத்தார். அவராகவே சொன்னார். "நிக்கற வண்டிய மாசம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி, சூடேத்தி உடோணும் அம்மிணி. இல்லீனா பேட்டரி எறங்கிரும். அப்பறம் தள்ளுனாலும் எடுக்காது. நீங்க உங்க பக்கத்தத் தெனமும் ஓட்டறீங்க. அவம்பக்கம் சும்மாதான நிக்குது?"

"அதுக்குப் பூவு, சூடமெல்லாம்?"

"அமாவாசை வண்டிக்குப் பூச போடற நாளுங்களே. படையலு செத்தவிங்களுக்கு. பூச ஓடற வண்டிக்கு." கடை நாற்காலி இருந்த பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார். "அவந்தான் காட்டிக் குடுத்தான், மேல ஒருக்கா, அப்பறம் பெரிய பொத்தான்னு. நான் ஓட்டுன ரோட்டுப் படமெல்லாம் அவன் அதுல போட்டு வெச்சிருக்கானுங்க. நாக்பூரு தாண்டி ஒரு டாபா, அதுங்கூட அப்படியே இருக்குது."

எனக்கு என்ன வந்ததோ. ஒரு மாதமாக என் புருசன் என்று நான் நினைத்துப் பேசிக்கொண்டிருந்தது இவர் வைத்த சூடம். அந்த ஆத்திரம்தான். "அதுல பேட்டரியே இல்லீங்க மாமா. கரண்டுல ஓடறது. வருசக்கணக்கா சும்மா கெடந்தாலும் அதுக்கு ஒண்ணும் ஆவாது. ஆவணில சுரேசு வந்து அழிச்சுருவாப்டி."

"செரிங்க அம்மிணி."

அவ்வளவுதான். கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். இலையில் பாதிச் சோறு. நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அப்புறம் ஏன் எனக்கும் சோறு இறங்கவில்லை?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. வண்டி வண்டியாகச் சனம் மோகனூர் ஆற்றுக்கு. நாங்கள் எங்கும் போகவில்லை.

மாமா லாரி ஸ்டாண்டுப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். தாடி. இட்லி வைத்தால் ஒன்று. பக்கத்து வீட்டுக்காரரோடு வேலிக்கு அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"பேட்டரியே இல்லியாம்ப்பா."

"எதுக்குங்க?"

"ஒண்ணுமில்ல, உடு."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பத்து நொடியில் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "நான்" என்று இருக்கிறது. யார் நான்? யாருமில்லை. பிறகு என் பக்கம். கல்யாண சீசன் ஆர்டர் வர ஆரம்பித்துவிட்டது, எல்லாப் பத்திரிகையிலும் அதே பிள்ளையார்.

மாமாவுக்குச் சளி. கஷாயம் வைத்துக் கொடுத்தேன். குடித்தார். "நல்லாருக்குதுங்க." இந்த வாரம் பேசியது அந்த ஒன்றுதான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி. அமாவாசை

ராசிபுரம் போகவில்லை. அக்காவிடம் காய்ச்சல் என்று பொய்.

வேண்டுமென்றே கடையைத் திறந்து போட்டுவிட்டுப் பின்பக்கம் போனேன். துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். மாமா வாசல் கட்டிலில் துண்டை முகத்தில் போட்டுப் படுத்திருந்தார். குளிக்கக்கூட இல்லை. உச்சிவேளைக்குப் பக்கத்து வீடுகளில் கா கா. எங்கள் வீட்டில் ஒரு சத்தம் இல்லை.

போங்க மாமா, எழுந்து போங்க என்று மனசுக்குள் கத்தினேன். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

ஒன்பது ஐந்து. சுவரிலும் ஒன்பது ஐந்து.

மணி சரியாக இருப்பதைப் பார்த்து யாராவது அழுவார்களா? மாதம் ஒருநாள் இந்த வீட்டில் அவருக்கு ஒரு நாழிகை இருந்தது. பொய்யோ மெய்யோ, இருந்தது. மாமாவுக்கும் இருந்தது, தெரியாத்தனமாக எனக்கும் இருந்தது. அதை நான்தான் வாயால் அணைத்தேன். மகனைப் பறிகொடுத்தவரிடம் போய் இரண்டாம் தடவையும் பறித்தேன்.

சுரேசு போன். நாளைக்குக் காலையில் வாரேனுங்க அண்ணி, வேலையை முடிச்சுரலாம். சரி என்றேன். வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் சொல்வது?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தூறல். சுரேசு நனைந்துகொண்டு வந்தான். காப்பி கொடுத்தேன்.

"மொதல்ல தூசி தட்டிர்றேனுங்க" என்று பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினான். ஒரு கை மண் உள்ளே. மாமா உள்கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்போது வந்தார் தெரியாது.

"அதென்னங்க தம்பி, காசாட்டம்?"

"பேட்டரிங்கப்பா. கடிகாரத்துக்கு. இது எறங்கிருச்சுனா பெட்டிக்கு நாளு கெழம ஒண்ணும் நெனப்பிருக்காதுங்க."

மாமா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை. அந்தக் காசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தகட்டை மூடி, வயரெல்லாம் மாட்டி, சுரேசு கையைத் துடைத்தான். "அழிச்சரலாங்களா அண்ணி?"

எனக்கு முன்னால் மாமா சொன்னார். "அழிச்சுப்போடுங்க தம்பி. அம்மிணி பொழப்பு நடக்கோணும்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நிலையைப் பிடித்த கையை மட்டும் எடுக்கவில்லை.

"வேண்டாமுங்க சுரேசு."

"அண்ணி?"

"அது இருக்கட்டும். நீங்க கெளம்புங்க."

மணியையாவது சரி பண்ணிவிட்டுப் போகிறேன், ஒரு வரிதான் என்றான். அதையும் தொடாதீர்கள் என்று கொஞ்சம் கத்தியேவிட்டேன். என்ன நினைத்தானோ. வண்டிக் கூலி கொடுத்தால் வாங்கவில்லை.

அவன் போனதும் மாமாவிடம் போனேன். "பேட்டரி இருக்குதாமுங்க மாமா. நாந்தான் தெரியாமச் சொல்லிட்டேன். முந்தாநேத்து ஓட்டாம உட்டுட்டோம். வாங்க."

அந்தப் பேட்டரிக்கும் அவர் பக்கத்துக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரிந்திருக்குமோ என்னவோ. என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். போய்த் தலைக்குக் குளித்தார். தாடியை எடுத்தார். வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார்.

நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். அவர் உட்காரவில்லை.

"நீங்க உக்காருங்க அம்மிணி. தெனமும் ஓட்டறவங்க நீங்கதான."

"நான் அந்தப் பக்கம் போனதே இல்லீங்க மாமா. எனக்குப் பயமா இருக்குது."

"எனக்குந்தானுங்க," என்றார். "மொத நாளு கை வெக்கவே முடியல. போற தூரம் போலாம்."

உட்கார்ந்தேன். மாமா எனக்கு இடப்பக்கம் போய் நின்றுகொண்டார், லாரியில் கிளீனர் நிற்கிற பக்கம். சுவிட்சைப் போட்டேன். கறுப்புத் திரை. இரண்டு வரி. மேல் அம்பை அழுத்தினேன்.

அம்பைத் தொட்டதும் நொடி ஓடுவது நின்றுவிட்டது. இது எனக்குத் தெரியாது. இத்தனை மாதமும் தொடாமலே இருந்ததால் தெரியவில்லை. இனி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இப்படியே இருக்கலாம், அவர் வரி மேல் வெளிச்சத்தோடு. எவ்வளவு நேரம் இருந்தேனோ. என் விரல் என்டர் மேல். அழுத்த வரவில்லை.

மாமா பெட்டியின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார்.

"போலாம், ரைட்."